குதிகாலில் ஒரு கருப்புத் திட்டு: சேலம் ஐந்து ரோட்டுத் தோல் மருத்துவ மையத்தில் ஓராண்டு

சேலம் ஐந்து ரோட்டுக்கு அருகில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் முதல் மாடியில் இயங்கும் இந்தத் தோல் மருத்துவ மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முகப்பருவுக்கும் முடி உதிர்வுக்கும் வருகிறார்கள். முகூர்த்த மாதங்களில் மணப்பெண்களின் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். நாங்கள் போனது உள்ளங்காலைக் காட்டுவதற்கு. ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழம் பறித்த என் அத்தைக்கு, அறுபத்து மூன்றாம் வயதில், இடது குதிகாலின் ஓரத்தில் இருந்த கருப்புத் திட்டு மெலனோமா என்ற தோல் புற்றுநோயாக இருக்கலாம் என்று முதன்முதலில் சந்தேகப்பட்டது இந்த மையம்தான். அதை முறையாக உறுதிசெய்து, வேண்டிய இடத்துக்கு வேண்டிய தாள்களோடு அனுப்பிவைத்து, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இன்றுவரை தொடர்ந்து பார்த்துவருவதும் இவர்களே. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைந்த அந்த ஒன்றுக்கான காரணங்களையும் பின்னால் எழுதியிருக்கிறேன்.

அந்தத் திட்டு முதலில் ஒரு மிளகு அளவில்தான் இருந்தது என்று அத்தை சொல்வார். தோட்டத்தில் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குக் குதிகாலில் வெடிப்பும் முள் குத்திய வடுவும் கால் ஆணியும் வருவது புதிதல்ல என்பதால், வீட்டில் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக் கடையில் கால் ஆணிக்கு விற்கும் பிளாஸ்திரியை வாங்கி மாதக்கணக்கில் ஒட்டினார். அதிலுள்ள அமிலத்தில் மேல்தோல் வெளுத்து உரிந்ததே தவிர, அடியில் இருந்த கருப்பு அசையவில்லை. பக்கத்து வீட்டில் சேராங்கொட்டையைச் சுட்டு வைக்கச் சொன்னார்கள். நல்லவேளையாக அத்தை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கொட்டையின் பால் பட்ட இடம் வெந்து கருத்துவிடும். பிறகு எது நோயின் கருப்பு, எது மருந்தின் கருப்பு என்று பிரித்தறிய எந்த மருத்துவராலும் எளிதில் முடியாது. இதற்கெல்லாம் பிறகு நானே அவரைச் சேலத்தில் வேறொரு சிகிச்சையகத்துக்கு அழைத்துச் சென்றேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். அங்கே ஐந்து நிமிடத்தில் கால் ஆணி என்று முடிவு செய்து, பிளேடால் சீவி, கட்டுப் போட்டு, சீவி எடுத்ததைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். உடலிலிருந்து எடுக்கும் சந்தேகத்துக்குரிய எந்தத் திசுவையும் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்ற விதி எனக்கு அன்று தெரியாது; தெரிந்திருந்தால் ஏழு மாதம் வீணாகியிருக்காது. புண் ஆறி, அதே இடத்தில் கருப்பு முன்னைவிட அகலமாகத் திரும்பி வந்தபோதுதான் இந்த மையத்துக்கு வந்தோம்.

இங்கே முதலில் என்னைக் கவர்ந்தது, மருத்துவர் குதிகாலோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான். அத்தை இடது காலை மட்டும் நீட்ட, அவர் இரண்டு கால்களையும் மேடையில் வைக்கச் சொல்லி, விரல் இடுக்குகளையும் பத்து நகங்களையும் உள்ளங்கைகளையும் பார்த்தார். பிறகு பெண் உதவியாளரை உள்ளே அழைத்துத் திரையை இழுத்துவிட்டு முதுகையும் வயிற்றையும் தலைமுடியின் அடிப்பகுதியையும் பார்த்துவிட்டு, வாயைத் திறக்கச் சொல்லி ஈறுகளைக்கூட டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு தொடை இடுக்கில் விரல்களால் அழுத்தி நெறி கட்டியிருக்கிறதா என்று சோதித்தார். இதற்கெல்லாம் ஏறத்தாழ இருபது நிமிடம் ஆயிற்று. ஐந்நூறு ரூபாய் ஆலோசனைக் கட்டணத்தில் நான் இதுவரை எந்த மருத்துவரிடமும் பெறாத நேரம் அது.

அதன் பிறகுதான் டெர்மோஸ்கோப் என்ற கருவியை எடுத்தார். டார்ச் விளக்கும் பூதக்கண்ணாடியும் சேர்ந்த, கையடக்கமான கருவி. குதிகாலை ஸ்பிரிட்டால் துடைத்து, ஜெல்லைத் தடவி, கருவியை ஒட்டிவைத்துக் கைபேசியில் படம் எடுத்து எங்களிடம் காட்டினார். கைரேகை போலவே உள்ளங்காலிலும் ரேகைகள் உண்டு. பெரிதாக்கிய படத்தில் அவை ஏர் ஓட்டிய புழுதிக் காடு போல மேடும் சாலுமாக வரிசையாகத் தெரிந்தன. மேட்டின் நடுவில், கொலுசில் கோத்த வெள்ளி முத்துகள் போல, சின்னச் சின்ன வெண்புள்ளிகள் ஒரே வரிசையில் ஓடின. அவை வியர்வைத் துளைகள். “இந்த வெள்ளைப் புள்ளி இருக்கிற இடந்தான் மேடு. சாதாரண மச்சமா இருந்தா நிறம் சாலுக்குள்ள ஓடும். இங்க மேட்டு மேல பட்டையா ஓடுது பாருங்கம்மா” என்று மருத்துவர் விரலால் காட்டினார். அத்தை படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “சாலுல தண்ணி ஓடாம வரப்பு மேல ஓடுதுங்களா” என்று கேட்டார். உள்ளங்கால், உள்ளங்கை மெலனோமாவைத் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க உதவும் இந்த மேடு-சால் கணக்கை வகுத்துக் கொடுத்தவர்கள் ஜப்பானிய மருத்துவர்கள். வெள்ளையர்களுக்கு வரும் மெலனோமா பெரும்பாலும் வெயில் படும் தோலில் வருகிறது. ஜப்பானியர்களுக்கும் நமக்கும் அது அதிகமாக வருவது கால், கை, நகம் ஆகிய இடங்களில்.

இந்த வேறுபாட்டை மருத்துவர் அழுத்திச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மச்சத்தைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது, 1985-இல் நியூயார்க் மருத்துவர்கள் வகுத்த பட்டியல்தான்: இரு பாதிகளும் ஒத்துப்போகாமை, ஒழுங்கற்ற விளிம்பு, ஒன்றுக்கு மேற்பட்ட நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவு; பின்னர் இவற்றோடு மாறிக்கொண்டே இருத்தல் என்பதும் சேர்க்கப்பட்டது. பட்டியல் தவறல்ல. ஆனால் கூடவே வரும் படங்கள் அத்தனையும் வெள்ளைத் தோலின் முதுகும் தோளுமாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டுத் தன் கருத்த, காய்த்துப்போன குதிகாலைப் பார்க்கும் ஒருவருக்கு இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாகவே தோன்றாது. நமக்குப் பயன்படும் கேள்விகள் வேறு: உள்ளங்காலில் புதிதாக வந்த நிறமா, என்ன என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையா, ரத்தம் கசிகிறதா, பெரிதாகிறதா, இரண்டு மாதமாகியும் ஆறவில்லையா? அத்தையின் திட்டு இந்த ஐந்துக்கும் ஆம் என்றது. அளவு 14-க்கு 9 மில்லிமீட்டர். சில மெலனோமாக்கள் நிறமே இல்லாமல் சிவந்த புண்ணாகவும் வரும் என்றும், சர்க்கரை நோய்ப் புண் என்று நினைத்து ஆண்டுக்கணக்கில் கட்டுப் போட்டவர்கள் உண்டு என்றும் மருத்துவர் சொன்னார்.

வெயிலுக்கும் இந்த வகைக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. பாப் மார்லி என்ற ஜமைக்கா நாட்டுப் பாடகரின் படம் போட்ட பனியனை என் மகன் கல்லூரிக்கு அணிந்து செல்கிறான். அவர் 1977-இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் இதே வகை நோய் கண்டறியப்பட்டு, 1981-இல் தம் முப்பத்தாறாம் வயதில் இறந்தவர் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை, எனக்கும்தான்.

நகத்தைப் பற்றிச் சொன்னதும் காத்திருப்பு அறையில் எங்கள் அருகில் அமர்ந்திருந்தவர் நினைவுக்கு வருகிறார். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு பட்டறையில் வேலை செய்பவர். இடது கட்டைவிரல் நகத்தில் ஒரு கருப்பு அடையாளம். உள்ளே போய் வந்தவர், தானாகவே விவரம் சொன்னார். சுத்தியல் பட்ட ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர அது நுனியை நோக்கி நகரும், கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும், ஆகவே இன்று ஒரு படம் எடுத்து ஆறு வாரம் கழித்து இன்னொரு படம் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்குப் பல நகங்களில் மெல்லிய கருங்கோடுகள் இருப்பது இயல்பு. ஒரே ஒரு நகத்தில் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கோடும், நகத்தைத் தாண்டி அதன் ஓரத் தோலிலும் கருமை பரவுவதும்தான் கவலைக்குரியவை. தேவையில்லாதவருக்கு ஊசி போடாமல், ஒரு படத்தோடு அனுப்பிவைக்கிற மையம் இது என்பதையும் அன்று குறித்துக்கொண்டேன்.

அத்தைக்கு ஊசி தேவைப்பட்டது. சிறிய திட்டாக இருந்தால் முழுவதையும் மெல்லிய ஓரத்தோடு வெட்டி எடுப்பதுதான் சிறந்த பயாப்ஸி, அதாவது திசுப் பரிசோதனை என்றும், குதிகாலில் இவ்வளவு அகலத்தை எடுத்தால் மூடுவது கடினம் என்பதால், கருவியில் பார்த்து மிகக் கருத்தும் தடித்தும் இருக்கும் இடத்திலிருந்து 4 மில்லிமீட்டர் வட்டமாக முழு ஆழத்துக்கு ஒரு துண்டு எடுப்பதாகவும் விளக்கினார். மேலாகச் சீவி எடுத்தால் ஆழம் தெரியாமல் போய்விடும் என்றார். முந்தைய இடத்தில் நடந்ததை நினைத்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளங்காலில் போடும் மரத்துப்போகிற ஊசி கடுமையாக வலிக்கும். மருத்துவர் அதை மறைக்காமல் முன்கூட்டியே சொன்னதால் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார். எடுத்த துண்டு ஃபார்மலின் குப்பிக்குள் மிளகு போல மிதந்தது. ஒட்டுச் சீட்டில் எழுதிய பெயரையும் எந்தக் கால் என்பதையும் எங்களிடமே படித்துக் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் குப்பி ஆய்வகத்துக்குப் போயிற்று. பரிசோதனைக் கட்டணம் உட்பட 4,200 ரூபாய். டெர்மோஸ்கோப்புக்குத் தனியாக 600 ரூபாய்.

முடிவு வந்த நாளைப் பற்றி எழுதாமல் இந்த மதிப்புரை முழுமையாகாது. அத்தையை வெளியே உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய், “எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க டாக்டர், அவங்களுக்குத் தெரிய வேண்டாம்” என்றேன். நம் குடும்பங்களில் இதுதான் வழக்கம், அன்பு என்ற பெயரில் நடப்பது. மருத்துவர் கோபப்படவில்லை. “அவங்க கால், அவங்ககிட்டதான் முதல்ல சொல்லணும். எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறாங்கன்னு அவங்களையே கேட்டுக்கறேன், நீங்க பக்கத்துல இருங்க” என்று சொல்லிவிட்டு அத்தையை அழைத்தார். நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல், இது தோலில் நிறம் கொடுக்கும் செல்களில் வரும் புற்றுநோய், பெயர் மெலனோமா, இதுவரை பார்த்ததில் வேறெங்கும் போனதற்கான அடையாளம் இல்லை, வெட்டி எடுக்க வேண்டும் என்றார். அத்தை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அரபிக்கா செடியில தண்டு துளைப்பான் விழுந்துச்சுன்னா, மருந்தடிச்சுக்கிட்டு நிக்காம அந்தச் செடியப் புடுங்கி எரிச்சிடச் சொல்லுவாங்க. அப்படித்தானுங்களா டாக்டரம்மா?” என்றார். ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் சுற்றியுள்ள நல்ல மண்ணையும் ஒரு சாண் சேர்த்துத் தோண்டுவது போல, நோயைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள் என்று மருத்துவர் அந்த உவமையைக் கையோடு வாங்கி நீட்டினார். அன்று மாலை மலைக்குத் திரும்பும் பேருந்தில், கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய, அத்தை என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “எங்கிட்ட மறைக்கப் பாத்தியா சாமி?” என்னிடம் பதில் இல்லை.

பரிசோதனை அறிக்கையை வரிவரியாக விளக்கியது இந்த மையத்தின் இன்னொரு சிறப்பு. மெலனோமாவில் அகலத்தைவிட ஆழம்தான் பேசும். அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் 1970-இல் காட்டிய வழியில், மேல்தோலின் மேற்பகுதியிலிருந்து நோய்ச் செல் இறங்கியுள்ள கடைசிப் புள்ளிவரை நுண்ணோக்கியில் மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். 1 மில்லிமீட்டர் வரை ஒரு நிலை, 2 வரை அடுத்தது, 4 வரை அதற்கடுத்தது, அதற்கு மேல் கடைசி. மேற்பரப்பில் புண் விழுந்திருந்தால் ஒவ்வொரு நிலைக்குள்ளும் ஆபத்து ஒரு படி கூடும். அத்தையின் அறிக்கையில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் என்று இருந்தது. துண்டு மட்டும் எடுத்ததால்தான் ‘குறைந்தது’ என்ற சொல், முழுவதையும் எடுத்த பிறகு இது கூடலாம் என்று மருத்துவர் அன்றே சொல்லிவைத்தார், பின்னால் 1.8 என்று வந்தபோது நாங்கள் பதறாமல் இருந்ததற்கு அந்த ஒரு வாக்கியம் காரணம். எவ்வளவு நல்ல தோலைச் சேர்த்து எடுப்பது என்பதும் இந்த எண்ணைப் பொறுத்ததே: 1 மில்லிமீட்டர் வரை ஆழமுள்ளதற்குச் சுற்றிலும் 1 சென்டிமீட்டர், 2-க்கு மேல் ஆழமுள்ளதற்கு 2 சென்டிமீட்டர், இடைப்பட்டதற்கு ஒன்றிலிருந்து இரண்டு. காலையே எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் கிளம்பிய பேச்சுக்கு இந்தக் கணக்கே பதிலாக இருந்தது.

அறுவைச் சிகிச்சையைத் தாங்களே செய்கிறோம் என்று இவர்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன், அதுதான் ஆபத்து. இந்த ஆழத்துக்கு, நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும், தொடை இடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சையும் எடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு அணுக்கதிர் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் வசதி தேவை, அது தங்களிடம் இல்லை என்று தெளிவாகச் சொல்லி, மூன்று வழிகளை எழுதிக் கொடுத்தார்கள்: சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழியாகப் போவது, முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், அல்லது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை ஏற்கும் தனியார் மருத்துவமனை. எந்த இடத்தையும் இவர்கள் தூக்கிப் பிடிக்கவில்லை. எங்கே போனாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிராதபடி, டெர்மோஸ்கோப் படங்கள், அளவுகோல் வைத்து எடுத்த குதிகால் படம், அறிக்கையின் நகல், ஆய்வகத்தில் இருக்கும், திசுவைப் பதித்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டுப் பெறுவதற்கான கடிதம் ஆகியவற்றை ஒரே உறையில் வைத்துத் தந்தார்கள். நாங்கள் போன இடத்தில் அந்தத் தகடுகளை மறுபடி பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டதால், இரண்டாம் முறை காலில் ஊசி போட வேண்டியிருக்கவில்லை. ஒரு தோல் மருத்துவ மையம் தரக்கூடிய சேவைகளில் இந்த உறைதான் எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

அறுவைச் சிகிச்சை வேறு இடத்தில் நடந்தது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிகால் உடலின் பாரத்தைத் தாங்கும் இடம். அங்கே வெறும் தொடைத் தோலை ஒட்டினால் நாளாவட்டத்தில் தேய்ந்து புண்ணாகும். ஆகவே உள்ளங்காலின் பள்ளத்திலிருந்து தோலையும் அதன் கீழ்ச்சதையையும் ரத்தக் குழாயோடும் நரம்போடும் திருப்பிக் குதிகாலில் வைத்து, பாரம் விழாத அந்தப் பள்ளத்தைத் தொடைத் தோலால் மூடினார்கள். முதல் முடிச்சைக் கண்டுபிடிக்க அணுக்கதிர் மருந்தோடு நீலச் சாயமும் செலுத்தியிருந்தார்கள். மறுநாள் சிறுநீர் நீலம் கலந்த பச்சையாகப் போனதைப் பார்த்து அத்தை நர்ஸைக் கூப்பிட்டு ரகளை செய்துவிட்டார். இது நடக்கும் என்று இந்த மையத்தின் மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தார். அத்தையிடம் சொல்ல மறந்தது என் பிழை. முடிச்சில் நோய் இல்லை. முடிச்சில் இருந்திருந்தால்கூட, முன்போல எல்லா முடிச்சுகளையும் வழித்தெடுப்பதில்லை, ஸ்கேன் வைத்துக் கண்காணிக்கிறார்கள். அப்படி எடுத்தாலும் ஆயுள் கூடுவதில்லை என்று 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. மருந்துகளும் அத்தைக்குத் தேவைப்படவில்லை. 2018-இல் நோபல் பரிசு பெற்ற ஆராய்ச்சியின் வழி வந்த நோயெதிர்ப்பு மருந்துகள் முற்றிய மெலனோமாவின் போக்கையே மாற்றியிருக்கின்றன. ஆனால் உள்ளங்கால் வகையில் அவற்றின் பலன் வெயிலால் வரும் வகையில் உள்ள அளவுக்கு இல்லை. ஆகையால் இந்த நோயை ஆழம் குறைவாக இருக்கும்போதே பிடிப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை.

இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை இந்த மையத்துக்கு வருகிறோம். தழும்பின் ஓரம், தழும்பிலிருந்து தொடை இடுக்குவரை உள்ள தோல், இடுக்கில் நெறி, பிறகு மறுபடியும் உடல் முழுவதும் என்று அதே வரிசையில் பார்க்கிறார். வலது உள்ளங்காலில் ஒரு சிறிய மச்சம் இருக்கிறது. அதில் நிறம் ஒழுங்காகச் சாலுக்குள் ஓடுவதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் பழைய படத்தோடு ஒப்பிடுகிறார்கள். மாதம் ஒரு முறை வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது என்று அத்தைக்குக் கற்றுக் கொடுத்ததும் பயனாக இருக்கிறது. குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாதவர் என்பதால் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கிறார். சம்பள நாளன்று பார்க்க வேண்டும் என்பது அவரே வைத்துக்கொண்ட கணக்கு.

இனி குறைகள். முதலாவது, படிகள். மருந்துக் கடைக்குப் பக்கத்தில் தொடங்கி இருபத்து மூன்று படிகள், லிப்ட் இல்லை. கால் புண்ணுக்கு மருத்துவம் பார்க்கும் இடத்துக்குக் கால் ஊன்றக்கூடாத நோயாளியை நானும் ஆட்டோ ஓட்டுநரும் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் சென்றோம். இரண்டாவது, பத்தரை மணி என்று டோக்கன் கொடுத்துப் பன்னிரண்டேகால் மணிக்கு அழைப்பது. உள்ளே ஒவ்வொருவருக்கும் நேரம் கொடுப்பதால் தாமதமாகிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் மலையிலிருந்து காலை ஏழு மணிப் பேருந்தில் இறங்கி வருகிறவருக்கு உண்மையான நேரத்தைச் சொல்லிவிடலாம். மூன்றாவது, ஒரு வாரத்தில் வரும் என்ற அறிக்கை பதினொரு நாள் கழித்து வந்ததும், அதை அறிவித்த விதமும். வரவேற்பிலிருந்து தொலைபேசியில், “ரிப்போர்ட்ல ஏதோ இருக்குங்க, உடனே வரச் சொன்னாங்க” என்றார்கள். அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. உள்ளே அவ்வளவு பக்குவமாகப் பேசும் மருத்துவர், வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இரண்டு வாக்கியங்களைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இதை நேரில் சொன்னபோது வருத்தம் தெரிவித்தார். அடுத்த முறை அழைப்பு மருத்துவரிடமிருந்தே வந்தது.

நான்காவது குறை கொஞ்சம் வேடிக்கையானது. பணம் கட்டும் இடத்தில் வெயில் தடுப்புக் களிம்பு ஒன்றை, 940 ரூபாய், எல்லோரிடமும் நீட்டுகிறார்கள்; “ஸ்கின் கேன்சருக்கு ரொம்ப நல்லதுங்க” என்று அத்தையிடமும் நீட்டினார்கள். குதிகாலின் அடியில் எந்த வெயில் படுகிறது என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மருத்துவர் சீட்டில் அது இருக்கவில்லை, வாங்காமல் வந்தோம். அந்தப் பணத்தில் அத்தைக்கு மெத்தென்ற அடி வைத்த செருப்பு வாங்கினோம், அதைத்தான் மருத்துவர் எழுதியிருந்தார்.

அறிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமே தரப்படுவதையும் சொல்ல வேண்டும். எங்கள் வேண்டுகோளுக்கு இணங்கி மருத்துவர் தம் கையாலேயே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தார்: நோயின் பெயர், ஆழம், என்ன செய்யப்பட்டது, எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும். அந்தத் தாளை அத்தை ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறார். கேட்டால்தான் கிடைக்கும் என்றில்லாமல் எல்லோருக்கும் அச்சிட்டுக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். கால் அல்லது நகத்தைக் காட்டுவதாக இருந்தால் மருதாணியும் நகப்பூச்சும் இல்லாமல் போங்கள். அத்தைக்கு முன்னால் வந்த ஒரு பெண்ணை நகப்பூச்சை அழித்துவிட்டு வரும்படி திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன். திட்டின் பழைய படம் ஏதாவது கைபேசியில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். என் மகளின் வளைகாப்பில் அத்தை கால் நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு புகைப்படத்திலிருந்துதான், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அது எவ்வளவு சிறியதாக இருந்தது என்று மருத்துவர் கணக்கிட்டார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கருத்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள், நேரில்தான் வர வேண்டும். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். காப்பீட்டு அட்டை இங்கே செல்லாது. எங்களுக்கு அது அறுவைச் சிகிச்சையின்போதுதான் பயன்பட்டது. புதன்கிழமைகளில் கூட்டம் சற்றுக் குறைவு.

சென்ற முறை போனபோது, கீழே மருந்துக் கடைக்குப் பின்புறம் ஒரு அறையைக் காலி செய்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். மாடி ஏற முடியாதவர்களை இனி அங்கேயே பார்க்கப்போவதாக உதவியாளர் சொன்னார். அத்தைக்கு அடுத்த தேதி மாசியில், பழப் பறிப்பு ஓய்ந்த பிறகு வைத்திருக்கிறார்கள். அவர் இப்போது மலைச்சரிவில் நடப்பதில்லை, களத்தில் உட்கார்ந்து கொட்டை பொறுக்குகிறார். அந்த அறை அதற்குள் திறந்திருந்தால், மேலே போட்டிருக்கும் நட்சத்திரத்தை மாற்றி எழுதுவேன்.